ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்துவைத்த ரிப்போர்ட்

மூட்டை என்ற பெயரை அவனுக்கு வைத்தது அவன் தம்பிதான். அப்போது அண்ணனுக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஆறு. பள்ளிக்கூடம் விட்டு எல்லாப் பிள்ளைகளும் வெளியே வருகிற நேரமாகப் பார்த்து, "ஏய் மூட்டை, அம்மா கூப்பிடுறாங்க" என்று அந்தப் பொடிசு கத்தியது. அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை கிடைத்தது. புது இடம், அங்கேயாவது மனுஷனாக மதிப்பார்கள் என்று போனான். மூன்றாம் மாதமே, அவன் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்த தம்பி, வாசலில் நின்று அதே பெயரை நாலு பேர் கேட்கக் கூவிவிட்டுப் போனான். இருபத்தாறு வருஷமாக அங்கேயும் மூட்டைதான். உண்மைப் பெயரைக் கேட்டால் மேஸ்திரியே அடையாள அட்டையைப் பார்த்துத்தான் சொல்லுவார்.

சும்மா சொல்லக்கூடாது, பெயருக்கேற்ற உடம்பு. நூற்றெட்டு கிலோ. கிரேன் கேபின் என்பது பதினைந்து மாடி உயரத்தில் தொங்குகிற கண்ணாடிக் கூண்டு, தரையும் கண்ணாடி. கால் இரண்டையும் அகட்டி வைத்து, நடுவே குனிந்து, கப்பலுக்குள் அடுக்கியிருக்கும் சரக்குப் பெட்டியைப் பார்த்தபடியே இரண்டு கைகளாலும் இரண்டு பிடிகளை அசைக்க வேண்டும். குனிந்தால் அவனுக்கு முதலில் தெரிவது சொந்த வயிறு. அதைத் தாண்டி எட்டிப் பார்த்து, முப்பது டன் பெட்டியைச் சத்தமில்லாமல் லாரிமேல் உட்கார வைப்பான், தூங்குகிற குழந்தையைப் படுக்கையில் விடுகிற மாதிரி. அந்தத் துறைமுக யார்டில் அவனுக்கு இணையாக இன்னொருத்தன் கிடையாது. அந்தக் கூண்டின் மேல் அவனுக்கு உயிர். அங்கே மட்டும் வயர்லெஸ்ஸில் அவனை "நாலாம் நம்பர்" என்றுதான் கூப்பிடுவார்கள்.

தம்பி பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். வயது நாற்பத்து நாலு. ஐம்பத்தெட்டு கிலோ, கழுத்தில் ஒரு விசில், காலையில் எட்டு கிலோமீட்டர் ஓட்டம். சாப்பாடு மட்டும் அண்ணனைவிட இரண்டு மடங்கு. ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் அண்ணன் வீட்டில் கூடுவார்கள். தம்பி, அவன் மனைவி, பதிமூன்று வயது மகள், கடைசித் தங்கை. மூட்டை ஒரு ரொட்டியைப் பிட்டுப் பிட்டுக் கணக்குப் பார்த்துத் தின்றுகொண்டிருப்பான். தம்பி இறைச்சியில் கொழுப்புத் துண்டாகப் பொறுக்கித் தட்டில் குவித்துக்கொள்வான். "எங்கே போகுதோ தெரியல, ஒட்டவே மாட்டேங்குது" என்று சட்டையைத் தூக்கி ஒட்டிய வயிற்றைக் காட்டுவான். உள்ளே வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணன் வயிற்றில் ஒரு விரலால் குத்தி, "எத்தனாவது மாசம்?" என்று கேட்பான். பத்தொன்பது வருஷமாக அதே ஜோக். பத்தொன்பது வருஷமாக அதே சிரிப்பு. மூட்டையின் மனைவியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். மூட்டையும் சிரிப்பான், வேறென்ன செய்ய.

தம்பி கெட்டவன் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களுடைய அப்பா நாற்பத்து மூன்று வயதில் அலுவலகப் படிக்கட்டில் ஏறும்போது அப்படியே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அவரும் ஒல்லிதான். வேலைச் சுமை என்றார்கள், பாவம் என்றார்கள், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பதினேழு வயதில் படிப்பை விட்டு வேலைக்குப் போனவன் மூட்டை. அந்த உழைப்பில் படித்து வாத்தியாரானவன் தம்பி. அது தம்பிக்கு மறக்கவே இல்லை. ஆஸ்பத்திரி, வீடு மாற்றுவது, எதுவானாலும் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவான். நாக்கு மட்டும் அப்படி.

யார்டில் நாற்பது வயதைத் தாண்டிய கிரேன்காரர்களுக்கு வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை உண்டு. கொலஸ்ட்ரால் எக்கச்சக்கமாக இருந்தால் கேபினிலிருந்து இறக்கிவிடுவார்கள். மேலே ஒருத்தனுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டால் கீழே நிற்கிறவன் தலையில் முப்பது டன் இறங்கும் என்பதால் அந்த விதி. விதி நியாயமானது. நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ரத்தம் எடுப்பது யார்டுக்குள் இல்லை, வாசலுக்கு எதிரே ஒரு தனியார் லேபில். அட்டையைக் காட்டினால் போதும். ரத்தம் எடுக்கிற பெண் கையைப் பார்ப்பாளே தவிர முகத்தைப் பார்க்க மாட்டாள். அதனால் ஆளுக்கொரு ஒல்லிச் சொந்தக்காரனைப் பிடித்துத் தன் அட்டையோடு அனுப்பிவிடுவார்கள். மச்சான், மருமகன், பக்கத்து வீட்டுக்காரன், யார் ஒல்லியோ அவன். இதற்கு யார்டில் "கை கொடுக்கிறது" என்று பெயர். "உனக்கு யாருப்பா கை கொடுக்கிறான்?" என்று கேண்டீனில் கூச்சமே இல்லாமல் கேட்டுக்கொள்வார்கள். ஒல்லியாக இருக்கிறவன் ரத்தம் தண்ணீர் மாதிரி சுத்தமாக இருக்கும் என்று அத்தனை பேரும் நம்பினார்கள். மடையர்கள்.

போன வருஷம் வரை மூட்டை சொந்தக் கையைத்தான் நீட்டினான். எப்படியோ தப்பித்தான். இந்த வருஷம் வயிறு இன்னும் இரண்டு அங்குலம் பெருத்துவிட்டது; பயம் வந்துவிட்டது. தம்பியிடம் கேட்டான்.

"இதுக்கா இவ்வளவு தயங்குற? அட்டையைக் குடுண்ணா" என்றான் தம்பி. அட்டையில் இருந்தது இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய படம். கன்னம் ஒட்டி, கழுத்து நீண்டு, இப்போதைய மூட்டையைவிடத் தம்பிக்குத்தான் அது பொருத்தமாக இருந்தது. தம்பி படத்தைப் பார்த்துச் சிரித்தான். "இந்த ஆளு எங்கண்ணா போனான்? நீ முழுங்கிட்டியா?"

செவ்வாய்க்கிழமை தம்பி கை கொடுத்தான். வெள்ளிக்கிழமை, இந்த வருஷம் யார்டுக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா மூட்டையை வரச் சொன்னார்.

டாக்டரம்மா வளவளவென்று பேசுகிற ஆள் இல்லை. தாளை மேஜைமேல் திருப்பி வைத்து, ஒரு எண்ணைப் பேனாவால் வட்டமிட்டார். "கெட்ட கொலஸ்ட்ரால் முந்நூத்து இருபத்திரண்டு. நூத்து முப்பதைத் தாண்டினாலே நான் முகத்தைச் சுளிப்பேன். எப்படி இன்னும் நடமாடிட்டு இருக்கீங்க?"

"சாப்பாட்டைக் குறைச்சுடுறேன் டாக்டர்."

"குறைங்க, நல்லதுதான். ஆனா இது சாப்பாட்டால மட்டும் வந்த நம்பர் இல்ல. கொலஸ்ட்ராலை நம்ம ஈரலே தயார் பண்ணுது. ரத்தத்துல சுத்துற மிச்சத்தைத் திரும்பப் பிடிச்சு உள்ளே இழுத்துக்கிறதும் ஈரல்தான். சில பேருக்குப் பிறவியிலேயே அந்தப் பிடி பாதிதான் வேலை செய்யும். ஒல்லியா இருந்தாலும், தினம் ஓடினாலும் ரத்தத்துல ஏறிக்கிட்டே இருக்கும். தண்ணிக் குழாய்ல உப்பு படியுற மாதிரி ரத்தக்குழாய்ல படியும். வலிக்காது. ஒரு நாள் அடைக்கும். உங்க அப்பா எத்தனை வயசுல போனார்?"

"நாப்பத்து மூணு."

டாக்டரம்மா எழுந்து வந்து அவன் இமைகளை விரலால் இழுத்துப் பார்த்தார். செருப்பைக் கழற்றச் சொல்லிக் குதிகாலுக்கு மேலே இருக்கிற நரம்பை அமுக்கினார். "ஆச்சரியமா இருக்கு. இந்த நம்பருக்குக் கண்ணோரத்துல மஞ்சளா சின்னத் திட்டு இருக்கும். இல்ல, இந்தக் குதிகால் நரம்பு கட்டி கட்டியா தடிச்சிருக்கும். உங்களுக்கு ரெண்டுமே இல்ல."

அப்போதுதான் மூட்டைக்கு உறைத்தது. தம்பியின் வலது கண் ஓரத்தில் மஞ்சளாக ஒரு திட்டு உண்டு. இரண்டு குதிகாலிலும் கொட்டைப்பாக்கு அளவு தடிப்பு உண்டு. ஷூ உரசி வந்தது என்று தம்பி சொல்லிக்கொண்டு திரிவான்.

"கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். "அவங்க எல்லாரையும் உடனே பரிசோதனை பண்ணச் சொல்லுங்க. அப்பா அம்மால ஒருத்தருக்கு இருந்தா, பிள்ளைங்க ஒவ்வொருத்தருக்கும் வர்றதுக்குச் சரிபாதி வாய்ப்பு. தெரிஞ்சுட்டா தினம் ஒரு மாத்திரை, பீடி சிகரெட் கூடாது, எண்ணெய் வெண்ணெயைக் குறைக்கணும், நெஞ்சுல சின்ன இறுக்கம் வந்தாலும் ஓடி வரணும். நல்லா வாழலாம். தெரியாம இருக்கிறதுதான் ஆபத்து. நீங்க ஆறு வாரம் மாத்திரை போடுங்க. அதுவரைக்கும் கேபின் கிடையாது, கீழே நின்னு பெட்டி நம்பரைச் சரிபாருங்க."

வெளியே வந்த மூட்டை நேராக ஊரின் மறுகோடியில் இருந்த வேறொரு லேபுக்குப் போய், தன் சொந்தக் கையை நீட்டினான். மறுநாள் தாள் வந்தது. கெட்ட கொலஸ்ட்ரால் நூற்றுப் பன்னிரண்டு. நூற்றெட்டு கிலோவில் அந்த ஒன்றுதான் ஒழுங்காக இருந்தது.

இப்போது ஒரு அண்ணன் என்ன செய்திருக்க வேண்டும்? கையில் போன் இருக்கிறது. தம்பி வீடு பஸ்ஸில் இருபது நிமிஷம். "டேய், ஓடாதே, டாக்டர்கிட்ட வா" என்று நாலு வார்த்தை. அதைச் சொல்ல என்ன கேடு?

அவனுக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஆமாம், சந்தோஷம். பஸ் நிறுத்தத்தில் நின்று இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தான், சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. குண்டன் ரத்தம் சுத்தம், ஓட்டப்பந்தய வீரன் ரத்தம் நெய். அடுத்தபடியாக வந்தது ஆத்திரம்: இந்தப் பயல் ரத்தத்தால் என் கேபின் போயிற்றே. கேபினை விட்டு இறக்கியது தன் திருட்டுத்தனம் என்பது அவன் மண்டைக்கு எட்டவில்லை. மூன்றாவதாக வந்தது யோசனை. அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். தம்பி விரலை நீட்டி வயிற்றில் குத்துவான். "எத்தனாவது மாசம்?" என்பான். அந்த நொடியில் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, மெதுவாகப் பிரித்து, உரக்கப் படிக்க வேண்டும். பத்தொன்பது வருஷத்துக்கும் சேர்த்து ஒரே அடியாக மூக்கை உடைக்க வேண்டும். தம்பி முகம் போகிற போக்கை எல்லாரும் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு டாக்டரிடம் கூட்டிப் போகலாம். நானே கூட்டிப் போகிறேன், அண்ணன் இல்லையா. இப்படிச் சொல்லிக்கொண்டான் படுபாவி.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வரவில்லை. பள்ளிக்கூட அணியோடு வெளியூர் போயிருந்தான். போனில் மட்டும் கேட்டான், "ரிப்போர்ட் வந்துச்சாண்ணா? பாஸா?"

"இன்னும் வரல" என்றான் மூட்டை. வீட்டிலும் கிரேன் பழுது என்று சொல்லி வைத்திருந்தான். கீழே வெயிலில் நின்று, நேற்று வந்த பையன்கள் ஓட்டுகிற அழகைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டி நம்பர் எழுதினான். ஒவ்வொரு நம்பருக்கும் ஞாயிற்றுக்கிழமை மேல் ஆசை கூடியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். மூட்டை மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் மாடிக்கு எப்போதும் இரண்டு இரண்டு படியாகத் தாவி வருகிறவன், பாதியில் நின்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். பின்னால் வந்த மனைவி என்ன என்று கேட்டாள். "ஷூ கயிறு" என்று குனிந்தான். கயிறு அவிழவே இல்லை, மூட்டை பார்த்தான். உள்ளே வந்து விரலை நீட்டி வழக்கம்போல் குத்தினான், கேள்வியைக் கேட்டான். சட்டைப் பையில் தாள் தயாராக இருந்தது. ஆனால் அன்று தங்கை வரவில்லை, அவளுக்கு ஜலதோஷம். மூட்டையின் மனைவியும் அடுப்படியில் இருந்தாள். கூட்டம் போதாது. இவ்வளவு நாள் அடைகாத்ததை இரண்டரை பேர் முன்னால் வீணாக்குவதா? அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று பையின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டான்.

கேட்கிற உங்களுக்குக் கை பரபரக்கும். சொல்கிற எனக்கும்தான். பக்கத்தில் இருந்திருந்தால் அந்தத் தாளைப் பிடுங்கி அவன் மூஞ்சியிலேயே அடித்திருப்பேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் தம்பி போன் பண்ணினான்.

"அண்ணா, இந்த ஞாயிறும் வர முடியாது போலிருக்கு. சனிக்கிழமை ஸ்போர்ட்ஸ் டே. வாத்தியாருங்களுக்கும் ஓட்டம் வெச்சிருக்காங்க. பதினொரு வருஷமா நான்தான் முதல், விட முடியுமா?"

"ஓடு, ஓடு."

"ரெண்டு நாளா நெஞ்சுல ஏதோ இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்குண்ணா. கம்பு, கயிறெல்லாம் தூக்கினேன், சதை பிடிச்சிருக்கும்னு நினைக்கிறேன்."

மூட்டைக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. டாக்டரம்மா சொன்ன வார்த்தை அப்படியே காதில் கேட்டது. நெஞ்சில் சின்ன இறுக்கம் வந்தாலும் ஓடி வரணும். போனை மறு காதுக்கு மாற்றினான். போனில் சொன்னால் யார் முகத்தைப் பார்ப்பது? வாரம் பத்து நாளில் என்ன ஆகிவிடப் போகிறது, இரண்டு வாரமாக ஒன்றும் ஆகவில்லையே.

"வெந்நீர் ஒத்தடம் குடு. உடம்பைப் பார்த்துக்க" என்று வைத்துவிட்டான்.

சனிக்கிழமை காலை பத்தே காலுக்கு, இருநூறு மீட்டர் ஓட்டத்தில், தம்பி எல்லாருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தான். கோட்டுக்கு முப்பது அடி இருக்கும்போது வேகத்தைக் குறைத்தான். விளையாட்டுக் காட்டுகிறார் என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். முழங்காலை மடித்துக் கீழே உட்கார்ந்தபோதும் தட்டினார்கள். மகள் மட்டும் ஓடி வந்தாள். அவள் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. கழுத்திலிருந்த விசிலை யார் கழற்றுவது என்று தெரியாமல் அப்படியே விட்டிருந்தார்கள்.

சாவு வீட்டில் ஜனங்கள் பேசின பேச்சு இருக்கிறதே. "அந்த உடம்புக்கா இந்த முடிவு" என்றார்கள். "ஒரு கெட்ட பழக்கம் இல்ல." சொல்லிவிட்டு ஒவ்வொருத்தர் கண்ணும் மூலையில் நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்த மூட்டைமேல் போய் நின்று திரும்பியது. இவன் இருக்கிறான், அவன் போய்விட்டான் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். தம்பி மனைவி எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, நீங்களாவது உடம்பைப் பார்த்துக்கங்க. எங்களுக்கு இனி நீங்கதான்" என்றாள். அவள் கையை விடும் வரை அவன் தலை நிமிரவில்லை. தாள் அப்போதும் பையில்தான் இருந்தது. போட்டிருந்தது அதே சட்டை.

அதற்குப் பிறகாவது சொன்னானா? இல்லை. நான்கு வாரம் வாயைத் திறக்கவில்லை. பொண்ணு ஒருத்தி இருக்கிறாள், சரிபாதி வாய்ப்பு என்று டாக்டர் சொன்னது நினைவில்லாமல் இல்லை. தங்கைக்கும் அப்படியே. சொன்னால் அடுத்த கேள்வி "உங்களுக்கு எப்போ தெரியும்?" என்பதுதானே. அந்தக் கேள்விக்குப் பயந்தான். பிள்ளை உயிரைவிட அந்தக் கேள்வி பெரிதாகப் போய்விட்டது அவனுக்கு.

ஆறு வாரம் முடிந்தது. லேபில் தன் கையையே நீட்டினான். டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார். "மாத்திரை நல்லா வேலை செஞ்சிருக்கு. நாளையிலிருந்து கேபினுக்குப் போகலாம். கூடப் பிறந்தவங்க பரிசோதனை பண்ணிட்டாங்களா?"

"தம்பி செத்துட்டான் டாக்டர்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எப்போ?"

"நாலு வாரம் ஆச்சு. ஓடும்போது."

"நான் சொல்லச் சொன்னேனே. சொன்னீங்களா?"

மூட்டை ஜன்னலைப் பார்த்தான். டாக்டரம்மா பேனாவைத் திரும்ப எடுத்தார். "தம்பிக்குப் பிள்ளைங்க உண்டா?"

"ஒரு பொண்ணு. பதிமூணு வயசு."

"அந்தப் பொண்ணுக்கு இந்த வாரமே பாருங்க. இந்த வயசுல கண்டுபிடிச்சா அவ கிழவி ஆகுற வரைக்கும் இருப்பா. இந்தத் தடவையாவது சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மறுநாள் அவன் கேபினுக்குப் போகவில்லை. தம்பி மனைவி வேலை செய்த மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனான். அவள் ஒரு பிரேமைக் கையில் வைத்துக்கொண்டு நூலிழை அளவு திருகாணியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் நேற்றுத்தான் சொன்னார் என்று ஆரம்பிக்க வேண்டும், பஸ்ஸில் வரும்போது பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்தான். தாளை எடுத்து நீட்டினான். யார் ரத்தம், யார் பெயரில், எதற்காக என்று சொன்னான். கண்ணாடி விற்கிறவளுக்குப் பொடி எழுத்து புதிதா? அவள் எண்ணைப் பார்க்கவில்லை. தாளின் மேல் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தாள்.

"இது அவர் போறதுக்குப் பதினஞ்சு நாள் முன்னாடி."

"ஆமாம்மா."

"உங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியும்."

"அந்தக் கண்ணோரத் திட்டை நான் தினம் பார்த்தேன் மாமா. கண்ணைப் பார்க்கிறதுதான் என் வேலை. எனக்குத் தெரியாது, அதனால சொல்லல. நீங்க தெரிஞ்சுக்கிட்டு எதுக்குக் காத்திருந்தீங்க?"

தயாரித்து வைத்திருந்த பொய் எல்லாம் போன இடம் தெரியவில்லை. "ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லி அவனை அவமானப்படுத்தணும்னு இருந்தேன்" என்றான்.

அவள் திருகாணியை முழுதாக முறுக்கி முடித்து, பிரேமைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். "வர்ற ஞாயித்துக்கிழமை நாங்க வரோம். நாத்தனாரையும் கண்டிப்பா வரச் சொல்லுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்தார்கள். தங்கை வந்தாள். மூட்டையின் மனைவி ரொட்டியும் இறைச்சியும் எடுத்து வைத்து, தம்பி இல்லாத முதல் சாப்பாடு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரும் தட்டில் கை வைப்பதற்கு முன்னால் தம்பி மனைவி பையிலிருந்து இரண்டு தாளை எடுத்து மூட்டையின் தட்டின் மேல் வைத்தாள்.

"நீங்க ஆசைப்பட்ட மாதிரியே எல்லாரும் இருக்காங்க மாமா. எழுந்து நின்னு படிங்க."

"வேணாம்மா."

"அவரைப் பத்திப் படிக்கத்தானே ரெண்டு வாரம் வெச்சிருந்தீங்க. படிங்க."

மூட்டை எழுந்தான். மேஜை வயிற்றில் இடித்தது. முதல் தாளைப் பிடித்துப் பெயரைப் படித்தான், தன் பெயரை. வயதைப் படித்தான். கெட்ட கொலஸ்ட்ரால் முந்நூற்று இருபத்திரண்டு என்று படித்தான்.

"ஐயோ, உனக்கா அண்ணா?" என்றாள் தங்கை.

"பேர் என்னோடது. ரத்தம் தம்பியோடது." பிறகு அவனாகவே தேதியையும் படித்தான், டாக்டர் சொன்னதையும் சொன்னான், போன் வந்த வியாழக்கிழமையையும் சொன்னான். ஏன் சொல்லவில்லை என்பதைச் சொன்னபோது அவன் மனைவி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். தங்கை தன் இரண்டு குதிகாலையும் மேஜைக்கு அடியில் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்ததையும் படிங்க" என்றாள் தம்பி மனைவி.

இரண்டாவது தாள் மகளுடையது. முந்தாநாள் தேதி. வயது பதிமூன்று. கெட்ட கொலஸ்ட்ரால் இருநூற்று நாற்பத்தொன்று. எண்ணை இரண்டு தடவை படித்தான்.

அந்தப் பெண் அப்பாவைப் போலவே குச்சி உடம்பு. அன்று காலையில்தான் முதல் மாத்திரையைப் போட்டிருந்தாள். பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், கோபமாகக்கூட இல்லை.

"பெரியப்பா, நீங்க அன்னைக்கே போன்ல சொல்லியிருந்தா அப்பாவுக்கு அவமானமா இருந்திருக்குமா?"

"இல்ல பாப்பா."

"என்ன பண்ணியிருப்பார்?"

மூட்டை தாளை மடித்தான். "சிரிச்சிருப்பான்" என்றான். "எல்லாருக்கும் முன்னாடி அவன்தான் சிரிச்சிருப்பான். மூட்டை ஜெயிச்சுட்டான்னு எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லியிருப்பான். அப்புறம் டாக்டர்கிட்ட போயிருப்பான்."

அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டாள். தம்பி மனைவி மகளின் தட்டை எடுத்து இறைச்சியிலிருந்து கொழுப்பை வெட்டி ஒதுக்க ஆரம்பித்தாள். மூட்டை தாள்களைப் பிடித்துக்கொண்டு நின்றான். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை.